தளபதியின் இருமல்

அந்தக் கோட்டையை எதிரிப் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. அதே கோட்டையை ஒரு நாற்காலியோடு வந்த ஆசாமி ஒரே நாளில் பிடித்துவிட்டார். மேல்தளத்து மதில் ஓட்டை வழியாக அன்றைய தளபதியின் ஆவி பேசுகிறது என்றார். போதாதா? மதிலைப் பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து ஓட்டைக்கு வரிசை கட்டினார்கள். ஆசாமிக்குத் 'தளபதிதாசர்' என்று பட்டமும் கிடைத்தது.

போன வாரம் ஒரு தையல்காரர் வந்தார். பித்தப்பையில் கல்; அறுவை செய்யாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் வாயைத் திறக்குமுன் ஓட்டை கர்ஜித்தது: "வயிற்றில் கல்! கத்தியை உள்ளே விடாதே! நான் எதிரியை உள்ளே விட்டேனா?"

நாளெல்லாம் கத்தரிக்கோல் பிடிக்கிறவர், அதன்பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வலி மட்டும் முற்றுகையைத் தளர்த்தவில்லை.

இந்த வாரம் மனைவியும் கூட வந்தார்.

"கேக்காமலே சொன்னாருடி. எப்படித் தெரியும்?"

"நீங்க யார்கிட்டயாவது உளறுனீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் இல்ல. கீழே வாசல்ல பை வாங்கி வைக்கிற அம்மாதான், முகம் வாடியிருக்கேன்னு கேட்டாங்க..."

மனைவி பையோடு நேராக அந்த அம்மாவிடம் போனார்.

"என்னம்மா கவலை?" பையை வாங்கிய பைக்காரம்மாவின் குரலில் பாசம் சொட்டியது.

"ஒரே பையன். வெளிநாடு போனவன் போனே பண்றதில்ல." மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய் பிளந்த கணவரின் காலை நன்றாக மிதித்தார்.

மேலே தளபதி தயாராக இருந்தார். "அழாதே தாயே! கடல் தாண்டிய உன் மகன் விரைவில் அழைப்பான்!" கூடவே ஓர் இருமல். செத்து எத்தனையோ தலைமுறையாகியும் சளி மட்டும் சாகவில்லை.

"எங்களுக்குப் பிள்ளையே இல்லீங்க, தளபதி."

பீரங்கிக்கு அஞ்சாத மதில் ஊமையானது. தாசர் பாய்ந்து வந்தார். "அது முற்பிறவி மகன்மா!"

"முற்பிறவியில ஏதுங்க போன்?"

சிரித்த கூட்டம் மதிலின் பின்பக்கம் ஓடியது. அங்கே ஓர் ஆள். வாயருகே பிளாஸ்டிக் குழாய், மடியில் கைப்பேசி. அதில் பைக்காரம்மாவின் குரல் இன்னும் கடமையாற்றிக்கொண்டிருந்தது: "அடுத்து வர்றவருக்கு மூட்டுவலி!"

வரிசையில் ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

தையல்காரர் விறுவிறுவென்று படியிறங்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். இப்பவே."

அந்தக் காலத்தில் இந்தக் கோட்டை ஏன் விழவில்லை தெரியுமா? உள்ளே இருந்தவர்கள் உள்விஷயத்தை வெளியே உளறவில்லை. நாமோ வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மேலே போய் அதையே காசு கொடுத்துக் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். அடுத்த முறை பையை மட்டும் ஒப்படையுங்கள். மூளை உங்களிடமே இருக்கட்டும். அதை யாரும் பத்திரமாக வைத்துத் தருவதில்லை.