கதவைத் திறந்த கை

ஒளியை ஆளத் தெரிந்தவன் முன்னால் காலமே கைகட்டி நிற்கும்.

கண்காட்சித் திறப்புவிழாவில் பேசுவதற்காகப் புகைப்படக்காரர் இந்த வரியைச் சிவப்பு விளக்கடியில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி ஊறவைக்க வாளி வேண்டும் என்று வெளியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு குளியலறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, கழிப்பறைப் பீங்கானின் மேல் பலகை போட்டு, பலகைமேல் ரசாயனத் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டால் அது இருட்டறை. கதவில் ஓர் அட்டை தொங்கும்: "உள்ளே கனவு உருவாகிறது. தட்டாதீர்கள்." தாழ்ப்பாள் உடைந்து வருஷக்கணக்கில் ஆகிறது. அதைச் சரிசெய்வது தச்சர் வேலை, கலைஞன் வேலையல்ல என்பது அவர் கொள்கை.

மற்ற நாட்களில் கடைத்தெரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பார். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லியே பாதி ஆயுள் போயிருந்தது. விடுமுறை நாளில் மட்டும் அவர் சர்ரியலிஸ்ட். இரண்டு மூன்று நெகட்டிவ்களை ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, மாடிப்படியில் கடல் இறங்கி வருவதுபோலவும், பீரோவுக்குள் மேகம் மடித்து வைத்திருப்பதுபோலவும் படம் செய்வார். இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை என்று சொல்பவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவார். அந்த வகையில் அவருக்கு நண்பர்கள் குறைவு.

வீட்டில் மாமனாரும் இருந்தார். பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்து முடிக்கும்வரை என்று மகள் வீட்டுக்கு வந்தவர், அடித்த வெள்ளை காய்ந்த பிறகும் தங்கிவிட்டார். மருமகனின் படங்களை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்பிள்ளை, இதெல்லாம் தெரிஞ்சேதான் பண்றீங்களா?"

அந்தக் கேள்வி புகைப்படக்காரருக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

இப்படியிருக்க, போன மாதம் ஒருநாள் மாடிப்படிக் கடல் டெவலப்பர் தட்டில் மெல்ல எழும்பிக்கொண்டிருந்த வேளையில், அவர் முதுகுக்குப் பின்னால் கதவு படாரென்று திறந்து, படாரென்று மூடிக்கொண்டது. அவர் வெளியே பாய்ந்து வந்து வாசலில் நின்ற மனைவியைப் பிடித்துக் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள்கூடத் திறந்தன. அவள் ஒரு வாரத்துக்குச் சோற்றுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான்.

பாதியில் வெளிச்சம் பட்ட அந்தப் படம் வினோதமாக மாறியிருந்தது. வெள்ளையாக வரவேண்டிய வானம் கறுத்து, அலைகளின் ஓரமெல்லாம் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல் மின்னியது. கெட்டுப்போன படங்களோடு அதையும் போட்டுவைத்தார். கண்காட்சிக் கூடத்துக்கு அனுப்பிய படக்கட்டோடு எப்படியோ அதுவும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

கூடத்தை நடத்திய அம்மாள் அவர் பார்த்துப் பார்த்துச் செய்த படங்களையெல்லாம் திருப்பித் தந்துவிட்டு, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். இந்த வெள்ளிக் கோடு எப்படி வந்தது என்று கேட்டாள்.

"பத்து வருஷத் தேடல் மேடம்" என்றார் புகைப்படக்காரர்.

"அப்ப இதே மாதிரி இன்னும் அஞ்சு குடுங்க. இல்லேன்னா உங்களுக்கு ஒதுக்கின சுவரைப் பூனைப் படம் எடுக்கிறவருக்குக் குடுத்துடுவேன்."

அன்று மாலையே மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னார். மாமனார் முதல்முறையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். இனிப் பின்வாங்க வழியில்லை.

முதலில், படம் தட்டில் இருக்கும்போது வெள்ளை பல்பைத் தாமே போட்டுப் பார்த்தார். காகிதம் அடுப்புக்கரியாக வந்தது. வெளிச்சம் கதவுவழியாகத்தான் வரவேண்டும் என்று முடிவுசெய்து, கை இரண்டும் தட்டில் இருக்க, காலை நீட்டிக் கதவைத் தள்ளினார். கதவு திறந்தது. தட்டு மடியில் கவிழ்ந்தது. அந்தக் கால்சட்டையை அப்புறம் யாரும் துவைக்க முன்வரவில்லை.

ஆள் வைத்துத் திறந்தால்தான் சரிப்படும் என்று பக்கத்துவீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டார். தையல்காரர் அளவில் கண்டிப்பானவர். எத்தனை அங்குலம் திறக்க வேண்டும் என்று வெளியிலிருந்தே பலமுறை கேட்டுக்கொண்டார். பிறகு கதவை விரியத் திறந்து, வாசலில் நின்றபடி, "இவ்வளவு போதுமா, இன்னும் கொஞ்சம் விடவா?" என்றார். அவர் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில், மூடி திறந்திருந்த பெட்டியில் இருந்த காகிதம் முழுக்க வெளிச்சம் குடித்துவிட்டது. ஸ்டுடியோவில் மிச்சம் கிடந்த சின்னக் கட்டு ஒன்றுதான் பாக்கி.

கடைசியில் புகைப்படக்காரர் அடுப்படி வாசலில் போய் நின்றார். அன்றைக்குப்போலவே ஒருமுறை, எதேச்சையாக, கதவைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஊரே கேக்குற மாதிரி கத்தினீங்க இல்ல? அந்தக் கதவைத் தொடுறதில்லைன்னு இருக்கேன்."

"அது ஏதோ கோபத்துல..."

"எங்கப்பா காதுபடக் கத்தினீங்க. எங்கப்பா எதிர்லயே வந்து சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

பாதி நாள் யோசித்தார். தம் சுவரில் பூனைகள் உட்கார்ந்திருப்பதை மனத்தில் பார்த்தார். மனைவியோடு முன்னறைக்குப் போய், செய்தித்தாளில் மூழ்கியிருந்த மாமனார் முன்னால் நின்று, மனைவியிடம், "அன்னைக்கு உன்னைத் திட்டினது என் தப்பு. நீ அந்தக் கதவைத் திறக்கலேன்னா என் கலையே திறந்திருக்காது" என்றார். மன்னிப்பு கேட்டாலும் கலைஞன் கேட்டதுபோல் இருக்கட்டும் என்று இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்திருந்தார்.

மாமனார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மருமகன் தலைகுனிவதைக் காணப் பொறுக்காத பெருந்தன்மை என்று புகைப்படக்காரர் நெகிழ்ந்தார்.

மனைவி சற்று நேரம் யோசித்தாள். "சரி, போகட்டும் விடுங்க" என்று பெரிய மனசு பண்ணினாள்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. நாலைந்து காகிதம் வீணானதும் அவள் கைக்கு ஒரு பதம் வந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது திறக்க வேண்டும், விடும்போது மூட வேண்டும் என்று தொலைபேசியில் சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொன்னாள். "அவர் படம்" என்பது "எங்க படம்" ஆயிற்று. சுவரில் மாட்டும் அட்டையில் தன் பெயரும் வரவேண்டும் என்றாள். கீழே சின்ன எழுத்தில் போடுகிறேன் என்றார் அவர். கதவு திறக்காது என்றாள் அவள். ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடப்பட்டது.

திறப்புவிழாவுக்கு நல்ல கூட்டம். புகைப்படக்காரர் காலத்தைக் கைகட்டி நிற்கவைத்துப் பேசினார். மனைவி பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்று, கதவு திறந்த கதையை வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். முன்வரிசையில் கோட்டு போட்டுக்கொண்டு மாமனார். படங்களைப் பார்த்த யாரும் தெரிந்துதான் பண்ணினீர்களா என்று கேட்கவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

கடைசியாகக் கூடத்து அம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாமே நல்ல படங்கதான். ஆனா முதல் படம் வேற. அன்னைக்குக் கதவைத் திறந்த கையில ஒரு தவிப்பு இருக்கு. உயிரே போற மாதிரி. அது மத்த படங்கள்ல வரவே இல்லை பாருங்க."

எல்லார் பார்வையும் மனைவியிடம் திரும்பியது.

"அன்னைக்கு மனசு என்னமோ ஒரு மாதிரி இருந்துச்சு" என்று அவள் அடக்கமாகச் சொன்னாள். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மாமனார் அந்தக் கைதட்டலை முழுக்கக் கேட்டார். தாம் செய்த காரியத்துக்கு இன்னொருவர் பேர் வாங்குவதை உத்தியோக காலம் பூராவும் பொறுத்துக்கொள்ளாதவர் அவர். எழுந்து, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார்.

"அது நான்தாம்மா. நீ அப்ப கடைக்குப் போயிருந்தே. எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு."