பத்துக் கொத்து அரிசியும் அத்தானின் டிவியும்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அதற்கு அட்டவணை இருக்கும். கத்தாரில் இருந்து வந்த ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியை நான் உடைத்தபோதும் அட்டவணை இருந்தது, வரைபடமும் இருந்தது.

பொறியியல் இறுதியாண்டு ஆய்வுக்காக, பெரிய டிவிகளின் திரைப் பேனல் எவ்வளவு விறைப்பானது என்று அளந்துகொண்டிருந்தேன். இரண்டு பலகைகளின் மேல் பேனலைக் கிடத்தி, நடுவில் கிலோக் கிலோவாகப் பாரம் ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் விஞ்ஞானம். புளியந்தீவில் டிவி திருத்தும் கடையொன்றில் நான்கு செத்த பேனல்கள் கிடைத்தன. நான்கும் பதின்மூன்று கிலோவில் உடைந்தன. உயிருள்ள ஒன்றையும் அளந்தால் ஆய்வு முழுமையாகும் என்று தோன்றியது. அது நாவற்குடாவில் எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. அக்காவின் கணவர் வாங்கி அனுப்பியது. அத்தான் வெள்ளிக்கிழமை லீவில் வருவதாக இருந்தார். எனக்குப் புதன்கிழமையே போதுமாக இருந்தது.

பத்துக் கிலோவில் நிறுத்திவிடுவது திட்டம். பாரத்துக்கு அரிசி. அளவுப் பேணியில் விளிம்போடு தலைதட்டிய ஒரு கொத்து அரிசி ஒரு கிலோ என்று அரிசிக் கடையில் நிறுத்துப் பார்த்திருந்தேன். (அந்தத் தராசையே இரவல் கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை.)

"பத்துப் பையில ஒவ்வொரு கொத்து அரிசி போட்டுத் தாங்கம்மா" என்றேன்.

"என்னத்துக்கு மனே?"

"ஆராய்ச்சிக்கு."

திரை என் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாழ்ந்தது. உயிருள்ள பேனல் மென்மையானது என்று அதையும் கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டேன். பத்தாவது பையை வைத்ததும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மூலைக்கு மூலை ஒரு கோடு.

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"ஒரு கொத்துத்தானே போட்டீங்க?" என்று கத்தினேன்.

"ஓம் மனே."

"தலைதட்டியா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைதட்டி அளக்க நான் என்ன கடையா வச்சிருக்கன்? கோபுரமா அளந்து மேல ஒரு பிடியும் போட்டன். புள்ள கேட்டதெண்டு."

எங்கள் வீட்டில் யாருக்கும் எதையும் தலைதட்டிக் கொடுத்ததில்லை. இருபத்துமூன்று வருடம் அந்தச் சோற்றைத் தின்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அக்கா அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, வெள்ளிக்கிழமையை நினைக்கப் பயமாக இருந்தது.

அத்தான் வந்தார். திரையைப் பார்த்தார். நான் அட்டவணையைக் காட்டினேன். (வேறு எதைக் காட்டுவது?) முழுவதையும் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்காய் தம்பி" என்றார். நாலு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சொல்ல வேண்டியதை அவர் என் கலியாணம்வரை சேர்த்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய்க் குடியேற வேண்டும். நான் மாப்பிள்ளையாகப் பழுகாமத்துக்குப் போவதற்கு முன்பே அத்தான் போய் என் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது, அந்த வீட்டு டிவி கூரைக்கு ஒரு சாண் கீழே மாட்டப்பட்டிருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. குடும்பமே அண்ணாந்துதான் செய்தி பார்க்கிறது. கழுத்து வலிக்கிறது, கொஞ்சம் இறக்கினால் என்ன என்று போன கிழமையும் மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"எட்டினா அளப்பீங்க" என்றாள்.