மூச்சு பாயும் பால்புட்டி ரப்பரும்

எண்பதுகளில் தர்மபுரி ஜில்லாவில் ஓடிய ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலும் ஒரு மெக்கானிக் இருந்தான். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாது. இன்ஜினுக்கும் மூச்சு உண்டு என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊர் மூச்சு பாய் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. பிரேக் பிடிக்கவில்லை என்று போனால், "பக்கத்துக் கடைக்குப் போங்க" என்பார். லைட் எரியவில்லை என்றாலும் பக்கத்துக் கடைதான். அந்தப் பக்கத்துக் கடைக்காரன் இவர் புண்ணியத்தில் மாடி வீடே கட்டினான். "ஆயில் கக்குது பாய்" என்றால் மட்டும் எழுந்து நிற்பார். இன்ஜினிலிருந்து காற்று வெளியேறும் சின்னக் குழாயின் வாயில் வெள்ளைத் தாளைப் பிடிப்பார். விழுந்த எண்ணெய்ப் பொட்டுகளை ஜாதகம் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "மேட்டுல மூணாவது கியர்ல முக்குதுங்களே, சரிங்களா?" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. பயம். சைக்கிள்தான். இறக்கம் வந்தால் அதையும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.

நான் அப்போது கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். சித்தேரி மலையில் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்திருந்தது. தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, ஒரே நாளில் மாடு விழுந்துவிடும். தடுப்பு மருந்தை ஐஸ் பிளாஸ்கில் வைத்து, ஐஸ் கரைவதற்குள் மேலே சேர்க்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் மருந்து வெந்நீராகத்தான் போய்ச் சேரும். என் பழைய பைக்தான் கதி.

அந்தச் சனியன் மேடு ஏறினால் ஆயில் கக்கும். கக்கியது செயினில் விழும். செயின் அதைப் பின் டயருக்குக் கொடுக்கும். திங்கட்கிழமை மலை வளைவில் டயர் வழுக்கியது. நான் ஒரு பக்கம், பிளாஸ்க் ஒரு பக்கம். மருந்து பூராவும் ரோட்டில். எனக்காக மேலே காத்திருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்து என்னைத் தூக்கிவிட்டார். அவருடைய ஏர் மாடுகளில் ஒன்று முதல் நாள்தான் செத்திருந்தது.

"இன்னொண்ணு இருக்குதுங்க. அதுவும் விழறதுக்குள்ள வந்துருவீங்களா?" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. வீட்டுக்கு வந்ததும் புளியங்கட்டையில் ஆப்பு சீவி, அந்தக் குழாயின் வாயில் அடித்து இறுக்கினேன். இனிமேல் கக்கு பார்க்கலாம் என்றேன். மறுநாள் பத்து கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜினின் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் ஆயில் பீறிட்டது. பாயின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

பாய் ஆப்பைப் பார்த்தார். எழுந்து வந்து ஒரு கையால் என் மூக்கைப் பிடித்தார். இன்னொரு கையால் வாயைப் பொத்தினார்.

"இப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிட்டு வாங்க சார்."

திமிறி விடுவித்துக்கொண்டேன். "பைத்தியமா பாய் உங்களுக்கு?"

"நெஞ்சு வெடிக்குதில்ல? பிஸ்டன் கீழ வரப்ப உள்ள இருக்கற காத்து எங்க போவும்? உங்க வூட்டுக்கா போவும்?"

"ஆயில் கக்குதே!"

"காத்தைத்தாங்க அது வெளிய உடுது. ஆயில் கூடவே தொத்திக்கினு வருது. காத்தை உட்டுட்டு ஆயிலைப் புடிக்கணும். நீங்க ரெண்டையும் சேத்து சமாதி கட்டியிருக்கீங்க. உங்ககிட்ட ஊசி போட்டுக்கற மாட்டை நெனைச்சா பாவமா இருக்குது."

"அந்த மாடுங்கதான் பாய் மூச்சு முட்டிச் சாவுது. வியாழக்கிழமை மருந்து போயே ஆகணும்."

"மூச்சு முட்டியா?" பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டினார்.

ஒழுகிய மூட்டுகளை அன்றைக்கே அடைத்தார். மெல்லிய குழாயைப் பிடுங்கிவிட்டுத் தடித்த குழாயைப் போட்டு, சீட்டுக்குக் கீழே மேல்நோக்கி ஏற்றினார். அங்கே ஒரு எவர்சில்வர் பால் தூக்கு. அதற்குள் லேத்துப் பட்டறையில் பொறுக்கிய பித்தளைச் சுருள். ஆவியோடு வரும் ஆயில் சுருளில் மோதிச் சொட்டாகி அடியில் தங்கிவிடும். காற்று மட்டும் மூடி வழியாக வெளியே போகும். போன காற்று திரும்ப உள்ளே வரக் கூடாது. வந்தால் அதையும் சேர்த்துத்தான் இன்ஜின் அடுத்த முறை தள்ள வேண்டும், ஆயிலும் அதிகமாக வரும். அதற்குத்தான் மூடியின் ஓட்டையில் பால்புட்டி ரப்பர். நுனியை பிளேடால் கீறிவிட்டால் ஊதும்போது திறக்கும், உறிஞ்சும்போது மூடிக்கொள்ளும்.

கல்யாணமே ஆகாத ஐம்பது வயது மனுஷன் மெடிக்கல் ஷாப்பில் போய் ஒரு டஜன் கேட்டார். கடைக்காரர் சும்மா இருப்பாரா?

"எத்தனை கொழந்தைங்க பாய்?"

"ஒண்ணுதாங்க. நூத்தம்பது கிலோ."

இண்டூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அதாவது நான் ஓட்டினேன், பாய் புளியமரத்தடியில் நின்றார். முதல் ரப்பர் படாரென்று பறந்து முள்வேலியில் விழுந்தது. கீறலை நீளமாக்கிக் கம்பியால் கட்டினார். இரண்டாவது நின்றது.

வியாழக்கிழமை காலையில் பிளாஸ்கோடு வந்தால், பாய் சட்டைப் பையில் மிச்ச ரப்பர்களோடு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"ஆயில் பட்டா ரப்பர் ஊதிப்போவும். நடுவழியில மாத்தணும். உங்களை நம்பி உட மாட்டேன், மறுபடியும் ஆப்பு அடிப்பீங்க."

"பாய், மலை ரோடு. வளைவெல்லாம் இருக்கு."

"தெரியும், வண்டியை எடுங்க" என்றார். பின் சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடிவாரத்தில் நிறுத்தி ரப்பரை மாற்றினார். நான் விழுந்த வளைவில் இறங்கிப் பின் டயரைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெறும் மண். மேலே போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்கில் ஐஸ் கடகடவென்றது. பெரியவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலாவதாக நின்றார். அந்த மாடு அந்த வருஷம் ஏர் உழுதது.

அன்றைய பயணத்தில் ஒரே ஒரு கோளாறு. இதைப் பாயிடம் நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மலை ஏறின அத்தனை நேரமும் அவர் ரெண்டு கையாலும் என் வயிற்றைக் கட்டி இறுக்கியிருந்தார். ஊரில் இருந்த இன்ஜினுக்கெல்லாம் மூச்சு கொடுத்த மனுஷன் என்னை மட்டும் மூச்சு விட விடவில்லை. கையைத் தளர்த்துங்கள் பாய் என்று சொல்ல, இவ்வளவு பேசுகிற எனக்கு வாய் வரவில்லை.