மீண்டும் தலைப்புச் செய்திகள்

வெள்ளைக்காரர் பேசி நிறுத்தினார். பழனிமுத்துவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"என்ன கண்ணு சொல்றாரு?" என்று முதலாளி பொங்கியண்ணன் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் பழனிமுத்துவை அந்தக் கண்ணாடி அறையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். போன மாதம் வரைக்கும் அவன் செக்கிங் மேஜையில் பனியனுக்கு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் காலையில் முதலாளியின் ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பனியன் பீஸ் காட்டப் போன பழனிமுத்து, ரூபாயின் மதிப்பைக் குறைத்த விவரத்தையும் ரஷ்யாவில் நடக்கும் குழப்பத்தையும் அப்படியே தமிழில் எடுத்துச் சொல்லிவிட்டான்.

"இந்த மூளையை வச்சா ஓட்டை பாத்துட்டு இருந்தே?" என்று கேட்ட பொங்கியண்ணன், அன்றைக்கே ஆபீஸில் ஒரு சுழல் நாற்காலியைக் காட்டினார். "வெளிநாட்டுப் பார்ட்டி வர்ற அன்னைக்குத்தான் உனக்குப் பரீட்சை. பேசி ஆர்டரை வாங்கிக் குடுத்தீன்னா சேரு உன்றது. இல்லீன்னா பழைய மேஜை எங்கயும் போயிடல."

முதலாளிக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. அந்தச் செய்திகளை எல்லாம் பழனிமுத்து அதற்கு முன்பே வேலம்பாளையம் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரில் படித்திருந்தான்.

சைக்கிள் கடை மாடியில் மாலை வகுப்பு நடத்தும் ஆறுமுகசாமி வாத்தியார், பாடப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். "நடப்பு விஷயம்தாம்ப்பா இங்கிலீஷு. காத்தால ரேடியோவுல கேளு, மத்தியானம் பேப்பர்ல படி, சாயங்காலம் இங்க வந்து பேசு" என்பார். பழனிமுத்து கேட்டான். புரியவில்லை. எதையும் முறையாகச் செய்கிறவன் என்பதால், வரிசையை மாற்றிப் பார்த்தான். முதலில் தமிழ்ப் பேப்பர், அப்புறம் ரேடியோ. எல்லாமே தெளிவாகப் புரிந்தது. 'இன்று செய்தி முழுவதும் புரிந்தது' என்று டைரியில் எழுதுவான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'புரிந்ததா, முன்பே தெரிந்ததா?' என்று அதற்குக் கீழே எழுதுவான். அந்தக் கேள்வி நாள் முழுக்க அவனை அரிக்கும்.

வெள்ளைக்காரர் விஷயத்திலும் அதே முறையைத்தான் நம்பியிருந்தான். அவர் என்ன பேசுவார் என்பதைத் தமிழில் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும். செக்கிங்கில் ரொம்ப காலமாக இருக்கும் மருதாளிடம் போய்க் கேட்டான்.

"என்னத்தப் பேசுவாங்க தம்பி?" என்றாள் மருதாள். "சாயம் போகுதும்பாங்க, கழுத்து புடிக்குதும்பாங்க, ரேட்டு சாஸ்திம்பாங்க. பொண்ணு பாக்க வர்றவங்களாட்டந்தான். ஒரு குத்தஞ் சொல்லாம பலகாரத்துல கை வெக்க மாட்டாங்க."

அதைப் பழனிமுத்து மனப்பாடம் செய்துகொண்டான். சென்னை ஏஜென்ட் போனில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார். காலை ரயிலில் இறங்கியதோ ஒருவர்தான். "ஒருத்தரே ரெண்டாள் சைசுல இருக்காரு. கணக்கு சரியாப் போச்சு" என்று பொங்கியண்ணன் அவரை வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது அவர் பேசியாகிவிட்டது. ரேடியோவில் கேட்ட இங்கிலீஷ் மாதிரியே அது இல்லை. ஒவ்வொரு சொல்லும் கடைசியில் பாட்டு மாதிரி இழுபட்டு முடிந்தது. டெல்லிக்காரர்கள் செய்தி வாசிப்பது வேறு, அசல் வெள்ளைக்காரர் பேசுவது வேறு என்று பழனிமுத்து தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டித் தேய்த்தபடி நின்றார்.

"சாயம் போகுமான்னு கேக்கறாருங்க."

"அவ்வளவுதானா?" என்ற பொங்கியண்ணன், ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புதுச் சாம்பிள்களில் நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்து, வெள்ளைக்காரர் கண்முன்னாலேயே முக்கினார். "இப்பப் பாருங்க, தண்ணி பச்சத் தண்ணியாவே இருக்கும்."

தண்ணீர் பீட்ரூட் சாறாக மாறியது.

வாளியைப் பார்த்ததும் வெள்ளைக்காரரின் முகம் மலர்ந்தது. யாராவது தடுப்பதற்குள் இரண்டு கைகளையும் அதற்குள் விட்டுக் கழுவினார். வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரைக்கும் ரோஜா நிறம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் நீளமாக ஏதோ பேசினார்.

"என்னங்கறாரு?"

"உள்ளூர்ச் சாயம் நல்லாப் புடிக்குதுங்களாம்."

"புடிக்க வேண்டியது துணியில கண்ணு."

அடுத்ததாக அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பழனிமுத்துவுக்கு உயிர் வந்தது. மருதாள் சொன்ன வரிசைப்படியே எல்லாம் போகிறது.

"கழுத்து புடிக்குதுங்களாம்."

பொங்கியண்ணன் டெய்லரைக் கூப்பிட்டு, மேஜையில் இருந்த சாம்பிள் அத்தனைக்கும் கழுத்தைப் பிரித்து அகலமாக்கச் சொன்னார். மிஷின்கள் கடகடத்தன. வேலை முடிந்து வந்ததைப் பார்த்ததும் வெள்ளைக்காரர் மறுபடியும் தொண்டையைத் தொட்டார்.

"இன்னுங் கொஞ்சம் அகலம் வேணுமாங்க."

இரண்டாவது தடவை வந்த பனியனின் கழுத்தில் புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து தலையை விடலாம். வெள்ளைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அந்த ஓட்டை வழியாகப் பொங்கியண்ணனைப் பார்த்தார். பிறகு முன்னைவிடப் பலமாகத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

பிரித்த நூலைக் கூட்ட வந்த மருதாள் நின்று பார்த்தாள். "ஏந் தம்பி, அந்த மனுசனுக்குத் தண்ணி தவிக்குதாட்ட இருக்குதே."

"அக்கா, அவர் பேசறது இங்கிலீஷுங்க. நீங்க சும்மா இருங்க."

மருதாள் சும்மா இருக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ரோஜாக் கைகளைக் கூப்பி அவளைக் கும்பிட்டார்.

"பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சுங்க" என்றான் பழனிமுத்து, யாரும் கேட்காமலே.

பொங்கியண்ணன் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "நீ அவரு சொல்றதைத்தான் சொல்றே. உன்ற பக்கமிருந்து ஒரு வார்த்தை பேசக் காணோம். மூஞ்சி கொடுத்து நாலு வார்த்தை பேசு கண்ணு. மனசு குளுந்து ஆர்டர் போட்டாலும் போடுவாரு."

பழனிமுத்து அவர் முன்னால் போய் நின்றான். உட்காருங்கள், டீ சாப்பிடுங்கள் என்பதற்கு எல்லாம் அவனிடம் இங்கிலீஷ் இல்லை. அவனிடம் இருந்தது நடப்பு விஷயம் மட்டும்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரேடியோவில் வாசிப்பவரின் அதே கனத்த குரலில் ஆரம்பித்தான். ரஷ்யாவின் நெருக்கடி, வளைகுடாவில் போருக்குப் பிந்தைய நிலவரம், அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை, வடமாநில வெள்ளம். இடையில் நிறுத்தத் தெரியாததால், "தி ஹெட்லைன்ஸ் அகெய்ன்" என்று சொல்லி முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னான்.

வெள்ளைக்காரரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. தொப்பியை மெல்லக் கழற்றினார். முன்னால் வந்து பொங்கியண்ணனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி ஒரு நிமிஷம் நின்றார்.

பொங்கியண்ணன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. "ஏப்பா, எழவு ஊட்டுல துக்கம் விசாரிக்கறாப்பல நிக்கறாரே. என்னத்தச் சொல்லித் தொலைச்சே?"

மருதாளின் வரிசையில் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"நம்ம ரேட்டு கட்டுபடியாகலீங்களாம். அந்த வருத்தமுங்க."

"இன்னும் ரேட்டே சொல்லலையே கண்ணு."

பழனிமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "உச்சரிப்பு சித்தெ கெட்டியா இருக்குதுங்க. எங்க வாத்தியாரைக் கூட்டியாந்தா நல்லதுங்க."

வேன் போய் ஆறுமுகசாமி வாத்தியாரை ஏற்றிக்கொண்டு வந்தது. அவர் கழுத்தில் டையும் கக்கத்தில் இங்கிலீஷ் பேப்பரும் இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு வெள்ளைக்காரருக்கு எதிரில் உட்கார்ந்து, கண்களை மூடிக் கேட்டார். வெள்ளைக்காரர் கதவைக் காட்டினார், ரோஜாக் கையைக் காட்டினார், கிழிபட்ட பனியன்களைக் காட்டினார், கைக்கடிகாரத்தைத் தட்டினார், கடைசியில் தலையிலேயே அடித்துக்கொண்டார். வாத்தியார் ஒவ்வொரு இடத்திலும் பொருத்தமாகத் தலையாட்டினார்.

"எப்படிங்க வாத்தியாரே?" என்றார் பொங்கியண்ணன்.

"ஒசந்த இங்கிலீஷுங்க. படிச்ச குடும்பம்னு கேட்டதுமே தெரியுது." அவர் பழனிமுத்து பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா புரிஞ்சுகிட்டே?"

"சாயம், கழுத்து, ரேட்டுங்க சார்."

"அதேதான். கூடவே உலகப் பொருளாதாரத்தைப் பத்தியும் ரெண்டு கருத்து சொன்னாரு. அது உனக்கு எட்டியிருக்காது."

எட்டவில்லை. எதுவுமே எட்டவில்லை. அப்படியானால் அது இங்கிலீஷ்தான். வாத்தியாருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. தினமும் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டும், பேப்பரை வரி விடாமல் படித்தும் தனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. டைரியில் இத்தனை நாள் எழுதிய கேள்விக்கு இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது. பழனிமுத்துவுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"மொதலாளி, எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்றான். "அவர் பேசுனதுல ஒரு வார்த்தையும் புரியலீங்க. சாயமும் கழுத்தும் நானாச் சொன்னதுங்க. தமிழ்ப் பேப்பரைப் படிச்சுப்போட்டுத்தான் ரேடியோ கேப்பனுங்க. நான் மேஜைக்கே போயிக்கறனுங்க."

பொங்கியண்ணன் வாளியைப் பார்த்தார். கழுத்து அகன்ற பனியன் குவியலைப் பார்த்தார். திட்டக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேனுங்க" என்றார் வாத்தியார். "காதைத் தீட்டணும். தமிழ் ஊன்றுகோல் வெச்சு நடந்தா இப்படித்தான் ஆகும். பையன் பாவம்."

"வாத்தியாரே, அந்தச் சேர்ல இனிமே நீங்களே உக்காந்துக்குங்க" என்றார் பொங்கியண்ணன். "சம்பளத்தை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அவரை ஆர்டருக்குச் சம்மதிக்க வையுங்க."

வாத்தியார் கொஞ்சமும் மறுக்கவில்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அரைச் சுற்று சுற்றிப் பார்த்து, டையைச் சரிசெய்துகொண்டார். பழனிமுத்து செக்கிங் பக்கம் நடந்தான். மருதாள் மேஜையில் அவனுக்கு இடம் ஒதுக்கித் தந்தாள்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் பையோடு ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் வெள்ளைக்காரர் குழந்தை மாதிரி எழுந்து ஓடிவந்து, ரோஜாக் கைகளை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, மூச்சு விடாமல் பேசினார். அவளும் அதே பாட்டு மாதிரிப் பேச்சில் அவரைச் சமாதானப்படுத்தினாள். பிறகு கண்ணாடி அறையில் இருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க சார், ஈரோட்டுல டிபன் வாங்க இறங்கினேன், ரயில் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. இத்தனை நேரம் இவரை எப்படித்தான் சமாளிச்சீங்களோ, இவருக்குத் தெரிஞ்சது இத்தாலிய பாஷை மட்டுந்தான், இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாதே."