பதினான்காவது கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றி மேற்கொண்டு வாசியுங்கள்.

உங்களுக்கு நான் இதுவரை கடிதம் எழுதியதில்லை. உங்கள் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. "அரசாங்கத்தை எப்படி நல்லா நடத்துறதுன்னு நீங்க எழுதுறீங்க மாப்பிள்ளை, அது கண்ணுல படாம எப்படிப் பொழைக்கிறதுன்னு நான் முப்பது வருஷமா பழகிட்டு இருக்கேன்" என்று போன முறை சாப்பாட்டு மேசையில் சொன்னேன். நீங்களும் பெருந்தன்மையாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன மழையில் எங்கள் தெருத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குக் கடைக்குள் வந்துவிட்டது. மெத்தை தண்ணீரில் மிதக்கும் என்று நினைப்பீர்கள். மிதக்காது, குடிக்கும். குடித்து முடித்த மெத்தையை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது, தூக்கினால் பாதி வழியில் அழ ஆரம்பிக்கும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். இப்போது கைவசம் இருப்பது ஆஸ்பத்திரியின் புதுக் குழந்தைகள் வார்டுக்கான இருநூறு மெத்தை. வார்டில் பெயின்ட் காயவில்லை, அடுத்த மாதம்தான் எடுத்துக்கொள்வார்களாம். மழைக்கோ இன்னும் மூன்றே வாரம். மாடியில் வீட்டுக்குள் அடைக்க முடிந்ததை அடைத்துவிட்டேன். எங்கள் கட்டிலில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு. உங்கள் அத்தை முக்காலி போட்டு ஏறித்தான் படுக்கிறாள், ஃபேனைப் பார்த்துக்கொண்டே கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். மீதி நூற்றைம்பது கீழேதான் இருக்கிறது. நனைந்த மெத்தையில் நோயாளிப் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியுமா? என் முப்பது வருஷப் பேரும் அதோடு போய்விடும்.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் என் முதல் யோசனை, எப்போதும் அதுதானே. வாசலில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசினேன். அடுத்த தூறலுக்கே என் கடைக்கு வரவேண்டிய தண்ணீர் பக்கத்துத் தையல்காரர் கடைக்குள் போனது. அவர் மூன்று வரிசை வைத்தார். அவருக்கு அடுத்த செருப்புக்கடைக்காரர் நாலு. தண்ணீர் சுற்றிக்கொண்டு மறுபடி என்னிடமே வந்ததால் நான் ஐந்தாக்கினேன். இப்போது எங்கள் தெருவில் வாடிக்கையாளர் முதலில் ஏறி, பிறகு இறங்கி, மூச்சு வாங்கிவிட்டுத்தான் விலை கேட்கிறார். மூட்டு வலிக்கு மெத்தை வாங்க வந்த ஒரு பெரியவர் வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். பதினாலு கடைக்காரர்களும் கெட்டிக்காரர்கள்தான், பதினாலு சுவர் கட்டிவிட்டோம். ஒரு வடிகால் கட்ட எங்களால் ஆகாது, அதற்கு நகராட்சிதான் வேண்டும் என்பது எனக்கு ஐம்பத்தெட்டு வயசில் புரிந்தது.

நகராட்சி தயாராகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. பணம் ஒதுக்கியாயிற்று, வரைபடம் ஆயிற்று, குழாய்கள் தெருமுனையில் வந்து இறங்கி ஒரு மாதமாகிறது. ஒரு குழாய்க்குள் நாய் குட்டி போட்டு, குட்டிகளுக்குக் கண்ணும் திறந்துவிட்டது. தொடங்கினால் பதினாறே நாள் வேலை. தோண்டத்தான் முடியவில்லை. ஏனென்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர்கள் யாரையும் கேட்காமல் தெருவைத் தோண்டி மூன்று மாதம் மூடாமல் போட்டார்கள். அப்போது வணிகர் சங்கத் தலைவர் நான். சும்மா விடுவேனா? போராடி ஒரு விதியே போட வைத்தேன். தெருவில் எந்த வேலை என்றாலும் பதினாலு கடைக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக எங்களை அலைய விடக்கூடாது, நகராட்சி ஆள் கடை தேடி வந்து, கடையில் வைத்து, உரிமையாளர் கையாலேயே வாங்க வேண்டும். போடாதவர் யார் என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் மற்றவர்கள் மிரட்டுவார்கள். ஆட்சேபம் வந்தால் முப்பது நாள் எதுவும் நகரக்கூடாது. ஒவ்வொரு வரியும் என் மூளை மாப்பிள்ளை. ஆட்சேப மனுவுக்கு ஒரு மாதிரியும் நானே எழுதி, ஐந்நூறு பிரதி அச்சடித்துத் தெருவெல்லாம் கொடுத்தேன். 'பொதுமக்கள் நலன் கருதி' என்று தொடங்கும். நல்ல நடை. என்னை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஒரு எதிரி உட்கார்ந்து எழுதியிருந்தால்கூட இவ்வளவு பக்காவாக வந்திருக்காது.

பத்து நாளாகக் காலையில் கடை திறந்ததும் அத்தையைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு நகராட்சி அலுவலகம் போய்விடுகிறேன். சுவரோரப் பெஞ்சில் ஒரு இடம் எனக்கென்றே ஆகிவிட்டது. முந்தாநாள் வேறொருவர் அதில் உட்கார்ந்தபோது குமாஸ்தாவே, "அது மெத்தைக்கடை ஐயா இடம்ங்க" என்று அவரை எழுப்பிவிட்டார். இன்ஜினீயர் அம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. ஆனால் கேட்டதற்கெல்லாம் என் விதியையே திருப்பிக் காட்டுகிறார்.

"எத்தனை கையெழுத்தும்மா ஆச்சு?"

"பதிமூணு ஐயா. இன்னும் ஒண்ணுதான்."

"யாரு அந்த ஆளு?"

"சொல்லக்கூடாதுங்க ஐயா. விதி."

"அந்த விதியைப் போட வச்சவனே நான்தாம்மா."

"தெரியும் ஐயா. அதனாலதான் இன்னும் பயமா இருக்கு."

"அப்ப அந்த விதியைத் தூக்கிடுங்க."

"தூக்கறதுக்கும் பதினாலு பேரும் கையெழுத்துப் போடணும் ஐயா. கடைசி வரியில நீங்கதான் சேர்த்திருக்கீங்க."

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஐயா, நீங்க பேசாம கடையிலயே இருங்களேன்" என்றார். எழுந்து போ என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பதினாலாவது ஆள் யாரென்று கண்டுபிடிக்க எனக்கு ஜோசியமா வேண்டும்? எதிர்ச்சாரி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான். அவர் கடை மேட்டில் இருக்கிறது, அவருக்குத் தண்ணீர் வேடிக்கை. முதன்முதலில் ஆட்சேப மனு கொடுத்தவரும் அவரே, அதுவும் நான் அச்சடித்த தாளில், பெயரை மட்டும் நிரப்பி. அதிலேயே முப்பது நாள் போயிற்று. நேற்று நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"கையெழுத்துப் போட்டியா, இல்லையா?"

"அது ரகசியம்ணே. நீங்க வாங்கிக் குடுத்த உரிமை."

"ஆஸ்பத்திரிப் பிள்ளைங்க மெத்தைப்பா. நனைஞ்சா எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

"நிக்க வேணாம், இப்படி உக்காருங்க. கண்ணை ஒரு தடவை பாத்துடலாம். தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுது உங்களுக்கு. கிட்டத்துலதான் தகராறுன்னு தோணுது."

மாப்பிள்ளை, அவரைச் சுயநலப் பிசாசு என்றும் தெருவுக்குப் பிடித்த பீடை என்றும் எழுதக் கை துடிக்கிறது. நாகரிகம் கருதி எழுதாமல் விடுகிறேன்.

அரசாங்க விதிகளுக்கு யோசனை சொல்ல நீங்கள் உட்கார்ந்திருக்கிற குழு வரும் பன்னிரண்டாம் தேதி இந்த மாதிரி விதிகளைப் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப் போகிறதாம். சிபாரிசு உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் கேட்கத் தெரியாது. இந்தக் கடிதத்தையே என் கருத்தாக வையுங்கள். நீங்கள் எழுதிய நாற்பது பக்க அறிக்கையை அத்தை அலமாரித் தட்டில் விரித்திருந்தாள். டப்பாக்களை இறக்கிவிட்டு உருவியெடுத்து முழுக்கப் படித்தேன். நல்லது நினைத்தவர்களே பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டு அரசாங்கத்தின் கையைக் கட்டிவிட்டு, அது ஏன் அசையவில்லை என்று அப்புறம் கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். வியாபாரியாக நானும் சொல்கிறேன். எல்லோரையும் கேளுங்கள், ஆனால் ஒரே நாளில், ஒரே இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நஷ்டப்படுகிறவனுக்கு மண்வெட்டி விழுவதற்கு முன்னாலேயே ஈடு கொடுங்கள். அதற்கப்புறம் அந்த இன்ஜினீயர் அம்மா மாதிரி ஒருவர் முடிவெடுக்கட்டும், தப்பானால் அவரைத்தான் கேட்போம். என் கடையில் ஒருவருக்கு நீலம் பிடிக்கவில்லை என்றால் பச்சையைக் காட்டுவேன், முப்பது நாள் கடையைச் சாத்த மாட்டேன். கோப்பு ஒழுங்காக இருந்ததா என்று பார்ப்பது இருக்கட்டும், தண்ணீர் ஓடிற்றா என்று பாருங்கள். ஒரே ஒரு பிடிவாதக்காரன் நினைத்தால் ஒரு தெருவையும் ஒரு வார்டுப் பிள்ளைகளையும் பிடித்து நிறுத்த முடிகிறது என்றால் அது என்ன விதி? அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க வேண்டாமா?

பேத்திக்கு முத்தம். மகளுக்கு என் ஆசி. உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் குழுவுக்குக் கொஞ்சம் தைரியமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மெத்தைக்கடை மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கண்ணாடிக்கடைக்காரர் வந்துவிட்டார். "அண்ணே, நீங்க இப்படி முறைச்சுக்கிட்டே இருந்தா நான் வியாபாரம் பண்ண வேணாமா? ஆட்சேபம் முடிஞ்ச கையோட நான் போட்டுட்டேன். தையல்காரர் போட்டாச்சு, செருப்புக்கடை போட்டாச்சு. நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினேன். தெருவின் அந்தக் கோடியிலிருந்து எண்ணினேன், பிறகு இந்தக் கோடியிலிருந்தும் எண்ணினேன். இரண்டு தடவையும் என் கடையில் வந்துதான் நின்றது. வடிகால் கேட்டு அலைகிறவனே நான்தானே என்று என் கையெழுத்தை மட்டும் எண்ணவே தோன்றவில்லை. கையெழுத்து வாங்குகிற ஆள் பத்து நாளாகக் காலையில் இங்கே வந்திருக்கிறார். "அவர் உங்க ஆபீசுக்குத்தான் போயிருக்கார்" என்று அத்தை தினமும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நகராட்சின்னு வாயெடுத்தாலே அந்தப் பேச்சை எடுக்காதேன்னு கத்தறீங்க" என்கிறாள். நாளைக்கு நான் நாற்காலியை விட்டு அசையப் போவதில்லை. இதைத் தபாலில் போடக்கூட அத்தைதான் போகிறாள். ஆகவே கண்ணாடிக்காரரைப் பற்றி நான் எழுதாமல் விட்டதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். விதியைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும், அது முன்னைவிட இப்போதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. குழுவில் வாசிக்கும்போது 'ஒரே ஒரு பிடிவாதக்காரன்' என்று வருகிற இடத்தில் யார் அந்த ஆள் என்று யாராவது கேட்டால், பெயரைச் சொல்ல விதியில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.