வாலிபர் ஐக்கியத்தின் ஒரே வாலிபன்

நைனார்பாளையம்,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் அன்பான நிர்மலா அக்காவுக்கு,

என்னைத் தனியாளாக்கியது நீதான். நலம் என்று தொடங்குவது மரியாதை; பொய் சொல்லக் கூடாது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய், அதனால் அதை விட்டுவிடுகிறேன். மாமாவுக்கு ஸ்தோத்திரம்.

கையைப் பிடித்து இழுத்து ஏரியில் இறக்கி எனக்கு ஞானஸ்நானம் எடுக்க வைத்தாய். என் தலை காய்வதற்குள் கல்யாணமாகித் தாம்பரம் போய்விட்டாய். அங்கே உங்கள் சபை வாலிபர் கூட்டத்துக்கு இருநூறு பேர், ஏசி, பிரியாணி. இங்கே வாலிபர்களெல்லாம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் வாலிபர் ஐக்கியத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நானே. சனிக்கிழமைதோறும் நானே பாய் விரித்து, நானே பாட்டை அறிவித்து, நானே பாடி, வந்திருந்த அனைவருக்கும் நன்றி சொல்லிக் கதவைப் பூட்டுகிறேன். பாஸ்டர் மாதாமாதம் வருகை அறிக்கை கேட்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். "வாலிபருங்ககிட்ட அனலு கொறஞ்சிடுச்சிப்பா, வூடு வூடா போய்ப் பாரு" என்றார். எந்த வீட்டுக்கு? என் வீட்டுக்கா? சபையில் மேலத்தெருக்காரர்களுக்கு முன்வரிசைப் பாய், எங்கள் தெருவுக்குப் பின்வரிசைப் பாய். இயேசு வந்தால் எந்தப் பாயில் உட்காருவார் என்று பாஸ்டரிடம் கேட்டேன். அனல் ஜாஸ்தியாகிவிட்டது என்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் வேறு கதை. ஆயுத பூஜையன்று என் ஸ்பேனருக்குப் பொட்டு வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தேன். "இன்னாடா, உன் சாமி கோச்சிக்குமா?" என்று முதலாளி தனசேகரன் சிரித்தார். மறுநாள் நான் தொட்ட வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் இல்லாததால் ஆகவில்லை. ஆனாலும் பொட்டு வைக்காத ஸ்பேனர் என்று இப்போது எனக்குப் பஞ்சர் ஒட்டும் வேலை மட்டும்தான்.

போன சனிக்கிழமை, என்னோடு வேலை செய்யும் அய்யனார் மழைக்கு ஒதுங்கி ஜெபக்கூடத்துக்குள் வந்தான்.

"யார்கிட்டடா தனியா பேசிக்கினு இருக்க?"

"கர்த்தர்கிட்ட."

"இன்னா சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எங்க மாரியாத்தாளும் அப்டித்தான்டா" என்று என் பிஸ்கட்டைத் தின்று முடித்து, மழை விட்டதும் போய்விட்டான். அறிக்கையில் வருகை இரண்டு என்று எழுதினேன். இந்த ஆண்டு இதுதான் அதிகம்.

இதையெல்லாம் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீ தினமும் காலை ஆறு மணிக்கு நூறு பேருக்கு அனுப்பும் ரோஜாப்பூ படம் போட்ட வேத வசனத்தில் எனக்கும் ஒன்று வருகிறது. 'எப்பக்கா வருவ?' என்று கேட்டால் கும்பிடும் கை வருகிறது. இனி அனுப்பாதே. வசனம் என்னிடம் புத்தகமாகவே இருக்கிறது. ஆள்தான் இல்லை.

உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். உங்கள் சபை ஏசி ஒரு வாரமாவது ரிப்பேராகட்டும்.

தம்பி,
கலையரசன்

பி.கு.: திங்கள், காலை ஒன்பது மணி. கடிதம் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, நீ படித்திருக்க வழியில்லை. ஆனால் இன்று வசனம் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று ஒர்க்‌ஷாப் மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டேன். நான்கு முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மேலே எழுதியது எதுவும் வேண்டாம். ரோஜாப்பூ போட்டே அனுப்பு. போனை எடு அக்கா.