மோரில் கலந்த பெருங்காயம்

வீட்டில் பெருங்காயம் தீர்ந்துவிட்டது. வாங்கப் போனேன். அன்றைய வேலை அவ்வளவுதான்.

எனக்கு சீலியாக் என்று ஒரு நோய். கோதுமை உள்ளே போனால், உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே என் குடலைப் போட்டு அடிக்கிறான். டாக்டரம்மா போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார்.

"பரோட்டா, பிஸ்கட் எதையும் தொடக்கூடாது. ஒரு மாசத்துல வயித்துப்போக்கு நிக்கலைன்னா பின்பக்கமா குழாய் விட்டுப் பாக்கணும். பெருங்குடல்லயும் இதே மாதிரி ஒரு வீக்கம் சேந்து வரலாம்."

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன் நான். ரெண்டு சுறா என்னைப் பார்த்து மிரண்டு திரும்பிப் போன கதை டீக்கடையில் பிரசித்தம். நிஜத்தில் ஒரு சுறாதான். ஆனால் அந்தக் குழாய் என்றால் எனக்குக் குலை நடுக்கம்.

அதனால் கோதுமை இருந்த திசைக்கே நான் போகவில்லை. வயிறு மட்டும் நிற்கவில்லை.

வயிறு ஓடினால் எங்கள் வீட்டில் ஒரே மருந்து, மோரில் பெருங்காயம். ஓட ஓடக் குடித்தேன். குடிக்கக் குடிக்க ஓடியது.

கடைக்காரர் டப்பாவை எடுத்து வைத்தார். "அண்ணாச்சி, இந்த மாசத்துல இது நாலாவது. சாம்பார்லயா குளிக்கீரு?"

"வயித்துக்குவே. எனக்குக் கோதுமை ஆகாதுல்லா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். "இதுல கோதுமை மாவுன்னுல்லா போட்டிருக்கு."

"பெருங்காயத்துல கோதுமைக்கு என்னவே சோலி?"

"நானா அரைக்கேன்? நீரே படியும்."

படித்தேன். அந்த டப்பாவில் பெருங்காயம் விருந்தாளி. வீட்டுக்காரன் மாவு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றவாளி பிடிபட்டான், இனிக் குழாய் கிடையாது. டப்பாவோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க. இத உடனே நிறுத்துங்க," என்றவர், "ரத்தம் போகுதா?" என்று கேட்டார்.

"லேசா," என்றேன். என் ஆயுளில் நான் குறைத்துச் சொன்ன ஒரே விஷயம் அது.

"அது பெருங்காயத்தால வராது. குழாய் விட்டுத்தான் பாக்கணும்."

குழாய்க்கு முந்தின நாள் வயிற்றைக் கழுவக் குடிக்கச் சொல்லி நர்சம்மா ஒரு பாட்டில் மருந்து தந்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? எங்க வீட்டு மோரே போதும்."

நர்சம்மா சிரிக்கவில்லை.

முடிவு வந்தது. சீலியாக்கும் உண்டு, பெருங்குடல் வீக்கமும் உண்டு. ரெண்டாவதுக்குத் தனியாக மாத்திரை.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"ஒரு சுறாவ ரெண்டும்பீகளே, உங்க வாயப் பாத்து வயிறும் படிச்சிருக்கு."